படர்தாமரை ஏன் வட்டமாக இருக்கிறது?

ஒக்டோபர், நவம்பர் மழையில் கொழும்பில் அலுமாரியைத் திறந்தால் முதலில் வருவது மணம்தான். கல்யாண வீட்டுக்கு மட்டும் போடும் தோல் சப்பாத்தில் சாம்பல் பச்சையாய்ப் பூஞ்சணம் படிந்திருப்பது அப்புறம்தான் கண்ணில் படும். வெள்ளவத்தையில் கடற்பக்கத்து வீடென்றால் சொல்லவே வேண்டாம், சுவர், தலையணை, பழைய ஃபைல் கட்டு என்று ஒன்றையும் விடாது. அதே நாட்களில் தோலிலும் ஏதாவது முளைக்கும். வியர்வையில் ஊறிய சீருடையோடு 101 பஸ்ஸில் நெரிபட்டு வந்த பிள்ளையின் இடுப்பில், பெல்ட் இறுக்கும் இடத்தில், சிவந்த வளையம் ஒன்று தெரியும். ஓரம் தடித்துச் செதிலாக இருக்கும், அரிக்கும். நடு மட்டும் ஏறக்குறையச் சுத்தமாக இருக்கும்.

அந்த நடு ஏன் சுத்தமாக இருக்கிறது? படர்தாமரையை உண்டாக்கும் பங்கசு, அதாவது பூஞ்சை, தோலில் ஒரு புள்ளியில் விழுந்து, மேற்படையிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்றபடி எல்லாப் பக்கமும் பரவுகிறது. அது முதலில் விழுந்த இடத்தில்தான் உடம்பும் முதலில் விழித்துக்கொள்கிறது. அங்கே தோற்கலங்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பெருகி மேற்படையை உதிர்த்துத் தள்ளுகின்றன, வெண்குருதிக் கலங்கள் வந்து குவிகின்றன. நடுவில் இடமிழந்த பங்கசு, உடம்பு இன்னும் முழுதாக விழிக்காத வெளியோரத்தில் முன்னேறுகிறது. நாம் காணும் வளையம், இந்த நிமிடத்தில் சண்டை எங்கே நடக்கிறது என்பதைக் காட்டும் கோடு. சிவப்பும் அரிப்பும் பெரும்பாலும் பங்கசு செய்யும் வேலையல்ல, நம் உடம்பு செய்வது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பாமசியில் கிறீம் வாங்கும் கதை வரும்போது தேவைப்படும்.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் பூஞ்சை என்பதை நம் பாடநூல்கள் பங்கசு என்கின்றன. அவர்களுக்குச் செல், நமக்குக் கலம். அவர்கள் நோய் எதிர்ப்பாற்றல் என்பதை நாம் நிர்ப்பீடனம் என்று படித்தோம். உயர்தரத்தில் உயிரியல் படித்த பழக்கதோஷம், நம் சொற்களோடே போகிறேன்.

டெங்கு வந்த வீடுகளுக்கு நிர்ப்பீடனத்தின் ஒரு பாதி நன்றாகவே தெரியும். ஐஜிஎம், ஐஜிஜி என்று ரிப்போட்டில் வருமே, அவை பிறபொருளெதிரிகள். ஒரு கிருமியைக் கண்டு, அதற்கென்றே அளவெடுத்துச் செய்யப்படுபவை, தயாராக நாட்கணக்கில் ஆகும். மற்றப் பாதி பிறக்கும்போதே நம்மோடு வருவது. தோல், சளி, எச்சில், கிருமியை விழுங்கும் தின்குழியங்கள், குருதியில் மிதக்கும் சில புரதங்கள் எல்லாம் அதில் அடங்கும். இதற்குக் கிருமியை முன்னே பின்னே பார்த்திருக்கத் தேவையில்லை. நிமிடங்களில், மணித்தியாலங்களில் வேலையைத் தொடங்கிவிடும். இதற்கு நினைவாற்றல் கிடையாது என்றுதான் நாங்கள் படித்தோம். ஆனால் பங்கசுச் சுவரின் சர்க்கரையை ஒருமுறை சந்தித்த தின்குழியங்கள் அடுத்த முறை வேறு கிருமிக்கும் கூடுதல் வேகத்தில் எழும்புகின்றன என்பது பின்னர் தெரியவந்தது. நெதர்லாந்தில் மிஹாய் நெத்தேயா குழுவினர் 2011இல் இதற்குப் ‘பயிற்றப்பட்ட நிர்ப்பீடனம்’ என்று பெயர் வைத்தார்கள். பாடநூலில் ஒரு வரியைத் திருத்த வேண்டியதாயிற்று.

பங்கசைப் பொறுத்தவரை இந்தப் பிறவிக் காவல்தான் முதலும் முக்கியமும். வைரசுக்கும் பற்றீரியாவுக்கும் எத்தனையோ தடுப்பூசிகள் இருக்க, மனிதருக்கான பங்கசுத் தடுப்பூசி இன்னும் ஒன்றுகூடப் பயன்பாட்டுக்கு வரவில்லை. அப்படி இருந்தும் நாம் நடமாடுகிறோம். அஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சணத்தின் வித்திகளை மட்டுமே நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் சுவாசிக்கிறோம். ஒவ்வொன்றும் 2 முதல் 3 மைக்குரோமீற்றர், ஒரு மில்லிமீற்றரில் முந்நூறுக்கு மேல் வரிசையாக அடுக்கலாம். மூக்கு முடியில் சிக்காமல் நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய்விடும் அளவு. ஆனாலும் அநேகருக்கு ஒன்றும் நடப்பதில்லை.

முதல் காரணம் உடம்புச் சூடு. பங்கசு இனங்கள் உலகில் இருபது இலட்சத்துக்கு மேல் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். மனிதரில் நோய் உண்டாக்குபவை சில நூறுதான். 2009இல் வின்சென்ட் ரொபேர்ட், ஆர்ட்டுரோ கசதேவால் இருவரும் ஆயிரக்கணக்கான பங்கசு மாதிரிகள் எந்த வெப்பநிலை வரை வளர்கின்றன என்ற பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 30 பாகையிலிருந்து 40 பாகை வரை, ஒவ்வொரு பாகை ஏறும்போதும் ஏறக்குறைய 6 சதவீதம் கழன்றுவிடுகிறது. வடஅமெரிக்க வௌவால்களைப் பாருங்கள். விழித்துப் பறக்கும்போது அவற்றின் உடம்பும் நம்முடையதுபோல் சூடானதுதான். குளிர்கால உறக்கத்தில் குகைக் குளிருக்கு இறங்கிவிடும். அப்போதுதான் மூக்கில் வெள்ளை படரும் பங்கசு நோய் அவற்றைப் பிடிக்கிறது. 2006இல் நியூயோர்க் மாநிலக் குகையொன்றில் முதலில் காணப்பட்ட அந்த நோய் இலட்சக்கணக்கில் வௌவால்களைக் கொன்றிருக்கிறது.

கொழும்பில் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 27, 28 பாகை. பகலில் 30ஐத் தாண்டும். நம் சுவரிலும் சப்பாத்திலும் வாழும் பங்கசுக்கும் நமது 37க்கும் இடைவெளி ஏழோ எட்டோ பாகைதான், குளிர்நாட்டவர்க்கு உள்ள அகலம் நமக்கு இல்லை. தோலின் மேற்பரப்போ உள்ளுடம்பைவிடக் குளிர்ந்தது, 32 முதல் 34 பாகைக்குள் இருக்கும். படர்தாமரைப் பங்கசு மேலேயே தங்கிவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் இரும்பு. பங்கசுக்கு வளர இரும்பு வேண்டும். நம் குருதியிலோ திரான்ஸ்பெரின் என்ற புரதம் இரும்பை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது, கடன் கேட்டாலும் கிடைக்காது.

சூட்டையும் பட்டினியையும் தாங்குகிற ஒரு பங்கசு உள்ளே வந்துவிட்டது என்று வையுங்கள். அது அந்நியன் என்று உடம்புக்கு எப்படித் தெரியும்? கேட்பதற்கு இலேசான கேள்வி, ஆனால் பங்கசு நமக்கு அவ்வளவு தூரத்து உறவல்ல. உயிர்களின் வம்சாவளியில் பங்கசு, செடிகொடிகளைவிட விலங்குகளுக்குத்தான் கிட்ட. அதன் கலத்துக்குள்ளும் கரு இருக்கிறது, இழைமணி இருக்கிறது, நொதியங்களில் பலவும் நம்முடையவற்றைப் போன்றவை. பங்கசுக்கு எதிரான மருந்து வகைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையாக இருப்பதற்கும், இருப்பவற்றில் சில ஈரலையும் சிறுநீரகத்தையும் பதம் பார்ப்பதற்கும் இந்தச் சொந்தம்தான் காரணம். அதனிடம் இருந்து நம்மிடம் இல்லாத பொருள் என்றால், முதலில் சொல்ல வேண்டியது அதன் சுவர். வெளி அடுக்கில் மன்னன் என்ற சர்க்கரைக் கோவை, அதற்குள்ளே பீற்றா குளுக்கன், அதற்கும் உள்ளே கைற்றின். இறால் ஓட்டில் இருப்பதும் இதே கைற்றின்தான். மனிதக் கலம் எதற்கும் இப்படிச் சுவரே கிடையாது. ஆகவே சுவரைத் தொட்டுப் பார்த்தே நம் கலங்கள் அடையாளம் காண்கின்றன.

இந்த அறிவு வந்த வழியில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. பிறவி நிர்ப்பீடனம் என்ற துறையின் இரண்டு பெரிய திருப்பங்களுமே பங்கசு பிடித்த சிறு பிராணிகளில் நடந்தன. 1882இல் இத்தாலியின் மெசினாவில் இலியா மெச்னிக்கோவ், நட்சத்திர மீனின் ஒளி ஊடுருவும் குடம்பிக்குள் முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் அலையும் கலங்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. இந்தக் கதையைப் பலரும் சொல்வார்கள். ஆனால் முள் ஒரு நோயல்லவே. 1884இல் அவர் வெளியிட்ட ஆய்வுதான் விஷயத்தை நிறுத்தியது. குளத்து நீரில் வாழும் நீர்த்தெள்ளு ஒன்று, மதுவம் என்ற ஒற்றைக்கலப் பங்கசின் ஊசிபோன்ற வித்திகளை விழுங்குகிறது. வித்திகள் குடலைத் துளைத்து உடற்குழிக்குள் வருகின்றன. குருதிக் கலங்கள் ஓடிவந்து ஒட்டி, அவற்றை விழுங்கிக் கரைக்கின்றன. கரைத்துவிட்டால் தெள்ளு பிழைக்கும். ஒரு வித்தி தப்பி முளைத்தால் தெள்ளு செத்துப்போகும். ஒரு பிராணியின் சாவும் வாழ்வும் தின்குழியங்களின் கையில் இருப்பதை மனிதர் கண்ணால் கண்டது அப்போதுதான். 1908இல் நோபெல் பரிசைப் போல் எர்லிச்சோடு அவர் பகிர்ந்துகொண்டார்.

இரண்டாவது திருப்பம் 1996இல், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில். புரூனோ லெமெத்ர், யூல் ஹொஃப்மன் குழுவினர் பழ ஈக்களில் டோல் என்ற பரம்பரை அலகு பழுதானவற்றை எடுத்து அஸ்பர்ஜிலசைத் தொற்ற வைத்தார்கள். ஈ முட்டைக்குள் முதுகு எது, வயிறு எது என்று தீர்மானிக்கும் அலகாகத்தான் டோல் அதுவரை அறியப்பட்டிருந்தது. அது பழுதான ஈக்கள் இரண்டு மூன்று நாளில் செத்தன. செத்த ஈயின் உடம்பு முழுக்கப் பங்கசு இழை முளைத்துப் போர்த்தியிருக்கும் இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படம் அந்தக் கட்டுரையோடு வந்தது. அதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடுத்த இரண்டொரு ஆண்டில் மனிதரிலும் டோல் போன்ற வாங்கிகள் கண்டுபிடிக்கப்பட்டன. 2011 மருத்துவ நோபெல் பரிசு பெற்ற மூவரில் ஹொஃப்மனும் ஒருவர்.

வேடிக்கை என்னவென்றால், பங்கசிலிருந்து தொடங்கிய டோல் கதை மனிதருக்கு வந்தபோது பங்கசு விஷயத்தில் முதலிடத்தை வேறொன்றுக்கு விட்டுக்கொடுத்துவிட்டது. 2001இல் கோர்டன் பிரவுனும் சைமன் கோர்டனும் டெக்டின் 1 என்ற வாங்கி பீற்றா குளுக்கனைப் பிடிப்பதைக் காட்டினார்கள். தின்குழியங்களின் மேற்பரப்பில் இருக்கும் அது, சுவரைத் தொட்டதும் உள்ளே கார்ட் 9 என்ற புரதத்தின் வழியாகச் செய்தி அனுப்பும். உடனே விழுங்கும் வேலை தொடங்கும், உதவிக்கு ஆள் கூப்பிடும் புரதங்கள் வெளியேறும். டெக்டின் 2 மன்னனைப் பிடிக்கும், தேமல் பங்கசைப் பிடிக்க மின்கிள் என்று இன்னொன்று இருக்கிறது. குருதியிலுள்ள நிரப்பிப் புரதங்கள் சுவரில் ஒட்டி, தின்குழியம் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வைத்துக் கொடுக்கின்றன. பற்றீரியா சிலவற்றை ஓட்டை போட்டே கொல்லும் இதே புரதங்களால் தடித்த பங்கசுச் சுவரைத் துளைக்க முடிவதில்லை.

கார்ட் 9 எவ்வளவு முக்கியம் என்பதை அது இல்லாத மனிதர்கள் காட்டினார்கள். அல்ஜீரியா, துனீசியா, மொரோக்கோவைச் சேர்ந்த சில குடும்பங்களைப் பற்றி 2013இல் வெளிவந்த ஆய்வு அது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான கார்ட் 9 வந்து சேர்ந்தவர்களில், நாம் அலட்சியமாகப் பார்க்கும் அதே படர்தாமரைப் பங்கசு தோலுக்குள் இறங்கி, நிணநீர்க் கணுக்களுக்குப் போய், சிலரின் உயிரையும் எடுத்திருந்தது. நம் இடுப்பில் வளையத்தோடு நின்றுவிடும் பங்கசு, சுபாவத்தில் அப்படி அடக்கமானதல்ல. நிறுத்தி வைக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

செடிகளுக்கு இந்தப் பிறவிக் காவல் மட்டுமே உண்டு, பிறபொருளெதிரி கிடையாது. அவையும் கைற்றினைத் தொட்டே பங்கசை உணர்கின்றன. 1869இல் இலங்கையில் காணப்பட்ட கோப்பித் துருநோய்ப் பங்கசு, ஒரே வகைக் கோப்பியை மலைமலையாக நட்டு வைத்திருந்த தோட்டங்களை இருபது ஆண்டுக்குள் துடைத்தெடுத்தது. அரபிக்காக் கோப்பியின் காவலில் அந்தப் பங்கசைத் தடுக்கும் வகை போதாமல் போனதால் நம் மலைநாட்டவர் கோப்பிக் கூடையை இறக்கிவிட்டுத் தேயிலைக் கூடையைத் தூக்க வேண்டியதாயிற்று. கட்டுரைக்கு இது கொஞ்சம் வெளியே போகிறது, ஆனால் கொழும்பில் இருந்துகொண்டு பங்கசைப் பற்றி எழுதும்போது சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சரி, நுரையீரலுக்குள் போவோம். அஸ்பர்ஜிலஸ் வித்தி காற்றில் வரும்போது அதன் மேல் நீர் ஒட்டாத புரதப் போர்வை ஒன்று இருக்கிறது. அதற்குள் குளுக்கன் மறைந்திருப்பதால் நம் கலங்கள் அதைச் சட்டை செய்வதில்லை. யோசித்துப் பார்த்தால் இது நமக்கும் வசதிதான், ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சில் அழற்சி வந்தால் எப்படி வாழ்வது? வித்தி ஈரத்தில் ஊறிப் பருத்து முளைக்கத் தொடங்கும்போது போர்வை கிழிகிறது, குளுக்கன் வெளியே தெரிகிறது. சிற்றறையில் குடியிருக்கும் பெருந்தின்குழியம் அந்தச் சமயம் பார்த்து விழுங்கிவிடுகிறது. முளைக்காத வித்தியை விட்டுவிட்டு முளைப்பதை மட்டும் பிடிக்கும் இந்த ஏற்பாட்டின் சிக்கனம் எனக்கு அலுக்காத ஆச்சரியம்.

தப்பிய வித்தி இழையாக நீளும். அதன்பின் விழுங்கும் பேச்சுக்கே இடமில்லை, பெருந்தின்குழியம் இருபது மைக்குரோமீற்றர் அளவு, இழையோ அதைப் போல் பல மடங்கு நீளம். இப்போது வருபவை நடுநிலைநாடிகள், டொக்டர்மார் நியூட்ரோபில் என்பார்கள். நம் என்புமச்சை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் இவற்றைச் செய்து குருதிக்குள் விடுகிறது, ஆயுள் மிகக் குறைவு. இழையின் மேல் படுத்து ஒட்டிக்கொண்டு, ஒட்சிசனிலிருந்து ஐதரசன் பேரொட்சைட்டு போன்ற எரிக்கும் பொருட்களைச் செய்து கொட்டுகின்றன. அதைச் செய்யும் நொதியம் பிறவியிலேயே பழுதான குழந்தைகள் இரண்டு இலட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் பிறக்கிறார்கள். அவர்களைக் கொல்லும் தொற்றுகளில் அஸ்பர்ஜிலஸ் முன்னணியில் நிற்கிறது.

இழை மிகப் பெரிதாக இருந்தால் நடுநிலைநாடி கடைசி ஆயுதத்தை எடுக்கிறது. தன் கருவிலிருக்கும் டிஎன்ஏயையே பிரித்து வலைபோல் வெளியே வீசிவிட்டுச் செத்துப்போகிறது. 2004இல் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வலையில் கல்புரொடெக்டின் என்ற புரதம் தொங்குகிறது, பங்கசுக்கு வேண்டிய நாகம், மங்கனீசு என்ற உலோகங்களை அது பறித்துக்கொள்கிறது. சின்ன மதுவக் கலமென்றால் வலை வீசாமல் விழுங்கிவிடும், விழுங்க முடியாத நீளம் என்றால்தான் வீசும். வலை நம் இழையத்தையும் காயப்படுத்தும் என்பதால் இந்த அளவு பார்க்கும் புத்தி அவசியம்.

மகரகமையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு ‘கவுண்ட் இறங்கிவிட்டது’ என்ற சொல் தெரியும். இறங்குவது பெரும்பாலும் இந்த நடுநிலைநாடிகளின் எண்ணிக்கைதான். குருதியின் ஒரு மைக்குரோலீற்றருக்கு ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டியவை 500க்குக் கீழே போய், அப்படியே நாட்கணக்கில் நீடித்தால், நாளும் சுவாசிக்கும் அதே வித்தி ஆளையே கொல்லும் நோயாகிறது. நோயாளியின் அறைக்குள் பூச்சாடி வைக்காதே, கட்டட வேலை நடக்கும் பக்கம் கூட்டிப்போகாதே என்று தாதியர் சொல்வது கெடுபிடிக்காக அல்ல.

பங்கசு நோயின் விசேஷம் இங்கேதான் இருக்கிறது. எந்தப் பங்கசு வந்தது என்று பார்த்தாலே, எந்தக் காவல் விழுந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். நுரையீரலில் அஸ்பர்ஜிலஸ் பரவினால் நடுநிலைநாடிகளைப் பார்க்க வேண்டும், அல்லது ஸ்டெரொயிட் மருந்தை. வாயில் வெள்ளைப் படலம் வந்தால் கதை வேறு.

வாயில் வருவது கண்டிடா என்ற பங்கசு. அது வெளியிலிருந்து வருவதே இல்லை, நம்மில் பாதிப்பேரின் வாயிலும் குடலிலும் குடித்தனம் நடத்துகிறது. உருண்டை மதுவமாக இருக்கும் வரை உடம்பு கண்டும் காணாததுபோல் விட்டுவிடும். இழையாக நீண்டு வாயின் உட்பூச்சுக் கலங்களைக் குத்தும்போது கண்டிடலைசின் என்ற நச்சுப் புரதத்தை வெளிவிடுகிறது, 2016இல் கண்டுபிடித்தார்கள். அந்த நச்சு கலத்தைக் காயப்படுத்துகிறது, அதே காயம்தான் அபாய மணியும் ஆகிறது. கலங்கள் செய்தி அனுப்ப, சளிப்படையில் முன்கூட்டியே காத்திருக்கும் நிணக்கலங்கள் இன்டர்லூக்கின் 17 என்ற செய்திப் புரதத்தைச் சுரக்கின்றன. அதன் பேச்சைக் கேட்டுச் சளிப்படை பங்கசைக் கொல்லும் சிறு புரதங்களைக் கசியவிடுகிறது, நடுநிலைநாடிகளும் வருகின்றன. எயிட்ஸ் நோயில் வாய் வெளுப்பது, இன்டர்லூக்கின் 17 சுரக்கும், ரி கலங்கள் எனப்படும் நிணக்கலங்கள் குறைந்துபோவதால். சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு அந்தப் புரதத்தையே மறிக்கும் ஊசி போடுபவர்களில் சிலருக்கும் வாயில் கண்டிடா வருகிறது. ஆஸ்துமா இன்ஹேலர் எடுத்தபின் வாயைக் கொப்பளிக்கச் சொல்வதும் இதற்குத்தான். ஸ்டெரொயிட் துளி தொண்டையில் தங்கினால் அங்குள்ள காவல் மட்டும் தூங்கிவிடும்.

பாணில் பூஞ்சணம் பிடித்தால் அந்த மூலையைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்பவர்கள் நம் வீடுகளில் உண்டு. பாணில் வரும் ரைசோபஸ் பள்ளிக்கூடப் பாடநூலில் படமாகவே இருக்கும். அதன் இனத்தவைதான் 2021இல் இந்தியாவில் கொவிட்டோடு சேர்ந்து 40,000க்கு மேற்பட்டவர்களைப் பிடித்த ‘கறுப்புப் பங்கசு’. பங்கசு கறுப்பல்ல. அது குருதிக் குழாய்களுக்குள் வளர்ந்து அடைத்துவிட, குருதி போகாத சதை செத்துக் கறுக்கிறது. அவ்வளவு பேரைப் பிடித்தது ஏன்? கட்டுப்பாடில்லாத நீரிழிவு, அதன்மேல் கொவிட்டுக்கு அள்ளிக் கொடுத்த ஸ்டெரொயிட். சீனி மிகக் கூடிக் குருதி அமிலமாகும்போது திரான்ஸ்பெரின் இரும்பின் மீதான பிடியைத் தளர்த்துகிறது. சற்று முன் பட்டினி போட்டது என்று சொன்னேனே, அதே புரதம்தான். நடுநிலைநாடிகளும் சீனியில் மந்தமாகின்றன. இரும்பும் சீனியும் கிடைத்து, காவலும் தூங்கினால் பாண் பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

புறாவையும் சொல்லியாக வேண்டும். கொழும்பின் பழைய கட்டடங்களின் கூரை விளிம்பெல்லாம் புறா எச்சம்தான். புறா எச்சத்தில் செழிக்கும் கிரிப்டோகொக்கஸ் என்ற மதுவம் தன் சுவருக்கு மேல் வழவழப்பான உறையொன்றைப் போட்டுக்கொண்டு குளுக்கனை மறைக்கிறது. தின்குழியம் விழுங்கினாலும் உள்ளேயே உயிரோடு பெருகும், சிலவேளை தின்குழியத்தைக் கொல்லாமலே வெளியே குதித்து வந்துவிடும். மண்ணில் அமீபாக்களிடம் அகப்பட்டுத் தப்பித் தப்பியே இந்த வித்தையைப் பழகியிருக்கிறது என்பது கசதேவால் குழுவினரின் கருத்து, எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. தின்குழியத்தை உசுப்பிவிட ரி கலங்கள் இல்லாதபோதுதான் இது மூளைவரை போகிறது. நல்ல உடம்போடு பால்கனியைக் கூட்டுகிறவர் பீதியடைய வேண்டியதில்லை, நனைத்துவிட்டுக் கூட்டினால் போதும்.

காவல் குறைந்தால்தான் வருத்தம் என்றில்லை. சுவர்ப் பூஞ்சணத்துக்கு இழுப்பு வரும் பிள்ளைகளில் காவல் விழவில்லை, அளவுக்கு மீறித் துள்ளுகிறது. அங்கே பங்கசு உடம்புக்குள் வளரக்கூடத் தேவையில்லை, வித்தி மூச்சில் பட்டாலே போதும். அந்தப் பிள்ளைகளுக்கு அதே ஸ்டெரொயிட் இன்ஹேலர் மூச்சைத் திருப்பித் தரும் மருந்து. ஸ்டெரொயிட்டை வில்லனாக்கி எழுதுவது சுலபம், ஆனால் எந்த இடத்தில், எதற்கு என்று பார்க்காமல் எழுதினால் அது பொய்.

இடுப்பு வளையத்துக்கு வருவோம். “தம்பி, அரிப்புக்கு ஏதும் நல்ல கிறீம் ஒண்டு தாங்கோ” என்று பாமசியில் கேட்கும் குரலை வாரத்துக்கு ஒருதரமாவது கேட்கிறேன். பல வேளைகளில் கையில் கிடைப்பது ஸ்டெரொயிட் கலந்த கிறீம். பூசிய இரண்டாம் நாள் அரிப்பு நிற்கும், சிவப்பு மங்கும். அரிப்பும் சிவப்பும் உடம்பின் வேலை என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா, அந்த வேலையைத்தான் கிறீம் நிறுத்தியிருக்கிறது. மேற்படை உதிர்வது குறைகிறது, வெண்குருதிக் கலங்கள் வருவது குறைகிறது, பங்கசுக்கு எதிரில் ஆளில்லை. கிறீமை நிறுத்தியதும் முன்னைவிட அகலமாகத் திரும்பி வரும். ஆட்கள் மறுபடி அதே குழாயை வாங்குவார்கள், பக்கத்து வீட்டு மாமிக்கும் சிபாரிசு செய்வார்கள். தெற்காசியாவில் சில ஆண்டுகளாகப் பரவும் ஒரு படர்தாமரை வகை, வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினஃபின் மருந்துக்கும் அசையாமல் நிற்கிறது. இந்தக் கலவைக் கிறீம்களின் தாராளப் புழக்கமும் அதற்கு ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

அப்படிப் பூசிப் பூசி வந்தவர்களின் தோலைப் பார்த்தால் வளையம் இருக்காது. ஓரம் எது, நடு எது என்று தெரியாமல் கலைந்து, வளையத்துக்குள் வளையமாக, அல்லது வெறும் மங்கலான திட்டாக இருக்கும். கண்ணால் பார்த்து இது படர்தாமரைதான் என்று சொல்ல டொக்டருக்கே சிரமம். அப்போது ஓரத்துச் செதிலைச் சுரண்டி எடுப்பார்கள். கண்ணாடித் தகட்டில் வைத்துப் பொட்டாசியம் ஐதரொட்சைட்டு ஒரு துளி விட்டுச் சற்று நேரம் வைத்தால் நம் தோற்கலங்கள் கரைந்து தெளிந்துவிடும். கைற்றினும் குளுக்கனும் கொண்ட சுவர் அந்தக் காரத்துக்கு மசியாது. நுணுக்குக்காட்டியில், கலைந்த தோலுக்கு நடுவே, கிளைவிட்ட இழைகள் மட்டும் தெளிவாகத் தெரியும்.